பத்து வயதைத் தாண்டாத பையன்

1997 ஏப்ரல் 1 அன்று ஜப்பானின் டிவி டோக்கியோவில் ‘போக்கிமான்’ தொடர் தொடங்கியபோது அதன் நாயகன் ஆஷுக்கு வயது பத்து. ஜப்பானியப் பிள்ளைகளுக்கு சத்தோஷி என்ற பெயரில் தெரிந்த அதே பையன் 2022 நவம்பரில் உலக சாம்பியன் பட்டம் வென்றபோதும் அவனுக்குப் பத்து வயதுதான். இடையில் இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் ஒளிபரப்பாகிவிட்டன. இவ்வளவு நீளமான ஒரு சிறுவர் தொடரின் கதைத்தரம் ஒரே சீராக இருந்திருக்க வழியில்லை. சில சீசன்களை வளர்ந்தவர்களும் கண் கலங்கிப் பார்த்தார்கள். சில சீசன்களைச் சிறுவர்களே பாதியில் விட்டுவிட்டார்கள். ஒரே நிறுவனம் தயாரித்து, ஒரே பையனும் ஒரே மஞ்சள் பிகாச்சுவும் நடக்கும் கதையில் இந்த ஏற்ற இறக்கம் ஏன் வந்தது என்று கேட்பது வெறும் ரசிகர் சண்டை அல்ல. குழந்தைகளுக்கு எப்படிக் கதை சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு இவ்வளவு நீண்ட சோதனை வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் களைப்பு. நீண்ட தொடர் எதுவானாலும் ஆரம்பத்தில் சுவையாக இருக்கும், போகப்போகச் சரக்கு தீர்ந்துவிடும் என்பார்கள். போக்கிமானின் வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளின் வேகம் 1999 முதல் 2002 வரை ஓடிய ஜோஹ்டோ பகுதியில் தளர்ந்தது உண்மை. ஆனால் 2006இல் தொடங்கிய ‘டயமண்ட் அண்ட் பேர்ல்’ பகுதி, மொத்தத் தொடரின் மிக உறுதியான நெடுங்கதைகளில் ஒன்றைத் தந்தது. 2010இல் வந்த ‘பெஸ்ட் விஷஸ்’ மறுபடி சரிந்தது. 2013இல் வந்த ‘எக்ஸ் ஒய்’ மேலே ஏறியது. கோடு கீழ்நோக்கி மட்டும் போயிருந்தால் களைப்பு என்று சொல்லி முடித்துவிடலாம். இங்கே அது ஏறி இறங்கி மீண்டும் ஏறுகிறது. பத்தாவது ஆண்டில் ஒரு கதை புதிய பலம் பெறுகிறது என்றால், ஆண்டுக்கணக்கு அதன் தரத்தைத் தீர்மானிக்கவில்லை என்றாகிறது. வேறு ஒன்று தீர்மானித்திருக்கிறது. நடந்து முடிந்த கதையிலிருந்து அடுத்த எபிசோடுக்கும் அடுத்த சீசனுக்கும் எவ்வளவு மிச்சம் எடுத்துச் செல்லப்பட்டது என்பதே அது என்பது இக்கட்டுரையின் வாதம். பட்ட தோல்வி, கற்ற பாடம், ஏற்பட்ட உறவு இவற்றின் தடம் அடுத்த கட்டத்தில் தெரிகிற சீசன்கள் உயர்ந்தன. தடம் அழிக்கப்பட்டவை தாழ்ந்தன.

அழிக்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். போக்கிமான் முதலில் தொலைக்காட்சிக் கதை அல்ல. 1996 பிப்ரவரியில் நிண்டெண்டோவின் கேம் பாய் கருவிக்கு வந்த, போக்கிமான் என்ற உயிரினங்களைப் பிடித்துப் பழக்கி மோதவிடும் வீடியோ கேம். தொடரின் காலண்டரும் அந்த கேம்களின் காலண்டர்தான். ‘ரூபி’, ‘சஃபையர்’ கேம்கள் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 2002 நவம்பர் 21 அன்றே அவற்றின் நிலப்பகுதியில் நடக்கும் புதிய தொடரும் தொடங்கியது. ‘டயமண்ட்’, ‘பேர்ல்’ கேம்களும் தொடரும் ஒரே நாளில், 2006 செப்டம்பர் 28 அன்று வந்தன. ‘சன்’, ‘மூன்’ கேம்கள் 2016 நவம்பர் 18இல் வந்தன. தொடர் அதற்கு முந்தின நாளே ஆரம்பமாகிவிட்டது. அதாவது, ஒரு பயணக்கதை எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு காலம் நடக்க வேண்டும், எப்போது வேறு ஊருக்கு மாற வேண்டும் என்பதைக் கதை எழுதுகிறவர்கள் தீர்மானிப்பதில்லை. அடுத்த கேம் வெளிவரும் நாள் தீர்மானிக்கிறது.

இதனால் எழுத்தாளர்களுக்கு இரண்டு நெருக்கடிகள். ஒன்று, இழுக்க வேண்டியிருப்பது. ‘கோல்ட்’, ‘சில்வர்’ கேம்கள் 1999 நவம்பரில் வந்தன. அடுத்த தலைமுறை கேம் வர மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளை, ஜிம் என்ற சண்டைக்கூடங்களில் வெல்ல வேண்டிய எட்டு பேட்ஜுகளையும் அவற்றைச் சேர்த்தவர்கள் மோதும் ஒரு லீக் போட்டியையும் வைத்துக்கொண்டு வாரம் ஒன்றாக நிரப்ப வேண்டியிருந்தது. அதனால் ஜோஹ்டோ பகுதியில் ஒரு வார்ப்பு உருவாகிவிட்டது. நண்பர்கள் ஒரு காட்டு வழியே நடப்பார்கள். ஏதோ சங்கடத்தில் இருக்கும் ஒருவரைச் சந்திப்பார்கள். டீம் ராக்கெட் கும்பல் அவருடைய போக்கிமானைத் திருடும். பிகாச்சுவின் மின்னல் அவர்களை வானத்துக்குத் தூக்கியெறியும். அந்த மனிதர் நன்றி சொல்லி விடைபெறுவார். பெரும்பாலும் அவரை நாம் மறுபடி பார்ப்பதில்லை. இத்தகைய எபிசோடுகள் பலவற்றை வரிசை மாற்றிக் காட்டினாலும் ஒன்றும் கெடாது. அந்த அளவுக்கு ஒன்றின் விளைவு மற்றொன்றில் இல்லை. இரண்டாவது நெருக்கடி, துடைக்க வேண்டியிருப்பது. புதிய கேமின் புதிய உயிரினங்களை முதன்முறையாகப் பார்க்கும் கண்களோடு நாயகன் இருக்க வேண்டும். ஆகவே அவன் பழைய தோழர்களையெல்லாம் பேராசிரியர் ஓக்கின் பண்ணையில் விட்டுவிட்டு, பிகாச்சுவை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். அதோடு அவன் பெற்ற அனுபவத்தையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டுமா என்பதில்தான் நல்ல சீசனும் மோசமான சீசனும் பிரிகின்றன.

மிச்சம் வைத்துச் சொல்லப்பட்ட கதை எப்படி இருக்கும் என்பதற்குத் தொடரின் ஆரம்பக் காலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வாலில் தீச்சுடர் எரியும் சார்மாண்டரை அதன் பயிற்சியாளன் ஒரு பாறையின்மேல் உட்கார வைத்து, திரும்பி வருவேன் என்று பொய் சொல்லிப் போய்விடுகிறான். மழை கொட்டுகிறது. சுடர் அணைந்தால் உயிர் போய்விடும். அப்படியும் அது காத்திருக்கிறது. ஆஷ் காப்பாற்றுகிறான். நன்றியுள்ள அந்தக் குட்டி வளர்ந்து, உருமாறி, சாரிஸார்ட் என்ற பெரிய டிராகன் ஆனதும் அவன் சொல்லைக் கேட்க மறுக்கிறது. முதல் லீக் போட்டியில் ரிச்சி என்ற நண்பனோடு மோதும்போது, சண்டைக் களத்தின் நடுவே சாரிஸார்ட் அலட்சியமாகப் படுத்துக்கொள்கிறது. ஆஷ் தோற்று வெளியேறுகிறான். சிறுவர் தொடரின் நாயகன் தன் குறையும் வெளிப்பட இப்படித் தோற்பது அபூர்வம். கதை அதோடு நிற்கவும் இல்லை. அடுத்து வந்த ஆரஞ்சுத் தீவுகள் பகுதியில் ஒரு சண்டையில் சாரிஸார்ட் பனிக்கட்டியாய் உறைந்துபோகிறது. ஆஷ் இரவு முழுவதும் அதன் உடம்பைத் தன் கைகளால் தேய்த்துச் சூடேற்றுகிறான்; உள்ளங்கை சிவந்து புண்ணாகியும் விடுவதில்லை. மறுநாள் காலை முதல் அது அவனுடைய சொல்லுக்குச் செவி கொடுக்கிறது. மழையில் கிடந்த குட்டியின் கதைக்குப் பதில் கிடைக்க ஏறத்தாழ நூறு எபிசோடுகள் ஆயின. பார்த்துக்கொண்டிருந்த குழந்தை அத்தனையையும் நினைவில் வைத்திருந்ததால்தான் அந்த இரவுக்குப் பொருள் கிடைத்தது.

முதல் சீசன் பழுதற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆஷ் அங்கே பெற்ற எட்டு பேட்ஜுகளில் பாதியை எடுத்துப் பார்த்தாலே போதும். பிராக்கின் ஜிம்மில் தீயணைப்புத் தண்ணீர் கொட்டி எதிராளியின் போக்கிமான் வலுவிழக்கிறது. ஆஷ் சண்டையை நிறுத்திவிடுகிறான். பேட்ஜை அன்பளிப்பாகப் பெறுகிறான். மிஸ்டியின் ஜிம்மில் சண்டை பாதியில் தடைபட, அவளுடைய அக்காமார் பேட்ஜைத் தந்துவிடுகிறார்கள். எரிக்காவின் ஜிம் தீப்பிடித்தபோது ஒரு போக்கிமானைக் காப்பாற்றியதற்காக ஒன்று. சப்ரினாவை ஹான்டர் என்ற பேய்ப் போக்கிமான் சிரிக்க வைத்ததற்காக இன்னொன்று. போட்டிக்கதையாக மதிப்பிட்டால் இது பலவீனமான கட்டமைப்பு. பிற்காலச் சீசன்களின் சண்டைகள் இதைவிட எவ்வளவோ நுட்பமானவை. ஆனால் அந்தச் சீசனின் எழுத்தாளர்கள் இந்தச் சலுகைகளுக்கும் கணக்கு வைத்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. கருணையால் பேட்ஜ் சேர்த்த பையன், கருணை காட்டாத லீக் மேடையில் தன் குறை வெளிப்பட்டு நிற்கிறான். எபிசோடு எபிசோடாகப் பார்த்தால் தள்ளாடும் கதை, மொத்தமாகப் பார்க்கும்போது ஒரு மனிதப் பிள்ளையின் வளர்ச்சியாகத் தெரிவது இதனால்தான்.

இதற்கு நேர் எதிரான இடம் 2010 செப்டம்பரில் தொடங்கிய ‘பெஸ்ட் விஷஸ்’. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஆஷ் ஒரு பெரிய லீக்கின் அரையிறுதி வரை போயிருந்தான். புதிய நிலப்பகுதியில் காலடி வைத்ததுமே ஓர் இடிமேகம் பிகாச்சுவின் மின்சக்தியைத் தற்காலிகமாகப் பறித்துவிடுகிறது. அன்றுதான் தன் முதல் போக்கிமானைப் பெற்ற ஒரு புதுப் பையனிடம் ஆஷ் தோற்கிறான். இதை ஒரு விபத்தாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் பிறகு அவன் பேச்சும் பதற்றமும் நேற்றுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பிய பையனுடையவை. சிலேட்டைத் துடைத்ததுபோல நான்கு நிலப்பகுதிகளில் பெற்ற அனுபவமும் காணாமல் போகிறது. சீசனின் உச்சமான லீக் போட்டியில், ஆறு போக்கிமான் தேவைப்படும் ஆட்டத்துக்குத் தவறுதலாக ஐந்தோடு வந்து நிற்கும் ஒருவனிடம் ஆஷ் தோற்று வெளியேறுகிறான். சாரிஸார்ட் படுத்துக்கொண்டதால் வந்த தோல்வியும் தோல்விதான், இதுவும் தோல்விதான். முந்தையது நாயகனைப் பற்றி நமக்கு ஒன்றைச் சொன்னது. பிந்தையது அவனைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இந்தச் சீசனுக்கு வெளியிலிருந்தும் ஒரு பேரிடி விழுந்தது. டீம் ராக்கெட்டும் டீம் பிளாஸ்மா என்ற மற்றொரு கும்பலும் மோதும் இரண்டு பகுதிக் கதை, 2011 மார்ச் மாதப் பெரும் நிலநடுக்கத்தின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டு, பிறகு ஒளிபரப்பாகவே இல்லை. அந்தப் பழியை எழுத்தாளர்கள் மேல் போட முடியாது. நாயகனைத் துடைத்து எழுதியது மட்டும் அவர்களுடைய தேர்வு.

அதே கட்டாயத்துக்குள் இருந்துகொண்டு மேலே வந்த சீசன்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. நாயகனின் வயதை நகர்த்த முடியாது. ஆகவே காலம் நகர்வதைப் பக்கத்தில் இருப்பவர்கள் வழியாகக் காட்டுவது. 2002 தொடரில் வரும் மே என்ற பெண் போக்கிமானில் ஆர்வமே இல்லாமல், ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் கிளம்பியவள்; தனக்கென ஒரு கலைப்போட்டியைக் கண்டெடுத்து, முடிவில் தனியே வழி தேடிப் போகிறாள். அடுத்த தொடரின் டான், அடுத்தடுத்து இரண்டு போட்டிகளில் முதல் சுற்றிலேயே வெளியேறித் தன்மேல் இருந்த நம்பிக்கையை இழக்கிறாள். அந்தத் துயரம் ஒரே எபிசோடில் ஆறிவிடுவதில்லை. இந்த முறையின் உச்சம் சிம்சார் என்ற சிறு குரங்குப் போக்கிமானின் கதை. வெற்றியைத் தவிர எதையும் மதிக்காத பால் என்ற பையன் அதைக் கடுமையாக வதைத்துப் பழக்குகிறான். எதிர்பார்த்த பலம் வரவில்லை என்றதும் ஒரு போட்டியின் நடுவிலேயே கைவிடுகிறான். ஆஷ் சேர்த்துக்கொள்கிறான். பாலும் ஆஷும் மீண்டும் மீண்டும் மோதுகிறார்கள்; ஏரிக்கரையில் நடக்கும் ஆறுக்கு ஆறு சண்டையில் ஆஷ் படுதோல்வி அடைகிறான். 2010இல் லீக்கின் கால் இறுதியில் அவர்கள் கடைசியாக மோதும்போது, வளர்ந்து இன்ஃபெர்னேப் ஆகிவிட்ட அந்தக் குரங்கின் எதிரே பாலிடம் அதோடு ஒன்றாக இருந்த பழைய சகா, எலக்டிவயர், நிற்கிறது. இன்ஃபெர்னேப் வெல்கிறது. நான்கு ஆண்டுகள் சேர்த்துவைத்த கேள்விக்கு, அதாவது அன்பால் வளர்ப்பதா ஒடுக்கி வளர்ப்பதா என்ற கேள்விக்கு, அந்த ஒரு சண்டை பதில் சொல்கிறது. தோற்ற பாலும் அதை ஒப்புக்கொள்கிறான், அவனும் மாறுகிறான்.

இவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய சீசனும் அடுத்த ஆட்டத்திலேயே சுவரில் முட்டியது கவனிக்கத்தக்கது. அரையிறுதியில் ஆஷுக்கு எதிராக நிற்பவன் டோபியாஸ். அந்த லீக்குக்கு முன் கதையில் இடமே இல்லாதவன். டார்க்ரை, லாட்டியோஸ் என்று யாருக்கும் எளிதில் கிடைக்காத போக்கிமான்களை இறக்கி ஆஷை வீழ்த்துகிறான். கதைக்குள் இருந்து பிறந்த எதிரி அல்ல அவன். நாயகன் ஜெயித்துவிடக் கூடாது, ஜெயித்தால் அடுத்த கேமுக்கு அவனைக் கற்றுக்குட்டியாக அனுப்ப முடியாது என்ற தேவையிலிருந்து வந்தவனாகவே தெரிகிறான். ஒரே சீசனில், ஒரே வாரப் போக்கில், மிச்சம் வைத்த கதையும் மிச்சத்தை அழித்த கதையும் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுதியவர்கள் அதே குழு, வரைந்த கைகள் அவையே, பார்த்த குழந்தைகளும் அவர்களே. இரண்டு ஆட்டங்களின் தர வேறுபாட்டுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதெல்லாம் வளர்ந்தவர்களின் ஏக்கம்தான், சிறு வயதில் பார்த்தது எல்லாருக்கும் உயர்வாகத்தான் தெரியும் என்று ஒரு மறுப்பு எழும். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 2016 முதல் 2019 வரை ஓடிய ‘சன் அண்ட் மூன்’ அந்த விளக்கத்துக்குள் அடங்காது. ஆஷ் ஊர் ஊராக நடப்பதை நிறுத்திவிட்டு ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தில் சேர்கிறான். முகங்கள் உருண்டையாக, கார்ட்டூன்போல வரையப்பட்டன. பழைய ரசிகர்கள் பலர் முதல் பார்வையிலேயே வெறுத்தார்கள். ஏக்கம் மட்டும் தீர்ப்பு எழுதியிருந்தால் இந்தச் சீசன் அங்கேயே தோற்றிருக்கும். அதன் இருபத்தொன்றாம் எபிசோடு வேறு கதை சொல்கிறது. லிட்டன் என்ற தெருப்பூனை கிடைத்த உணவைத் திருடிக்கொண்டு ஓடுவது, பாழடைந்த ஓரிடத்தில் தன்னை வளர்த்த கிழநாய் ஸ்டவுட்லேண்டுக்காக. நாய்க்கு உடம்பு முடியாமல் போகிறது. அருகே ஒரு மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. கடைசி இலை விழுந்த பிறகு நாய் படுத்திருந்த இடம் காலியாக இருக்கிறது. இறந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆஷ் ஆறுதல் வார்த்தை தேடாமல் லிட்டன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பூனை அவனோடு சேர்ந்து, வளர்ந்து, சீசனின் கடைசிப் பெருஞ்சண்டையில் தன் முழு உருவத்தை அடைகிறது. அதே தொடரில், ஆரம்பத்தில் போக்கிமானைத் தொடவே நடுங்கிய லில்லி என்ற சிறுமியின் அச்சம் வெகு மெதுவாக, காரணங்களோடு விலகுகிறது. 2019 செப்டம்பரில் ஆஷ் தன் வாழ்வின் முதல் பெரிய லீக் கோப்பையை வென்றதும் இந்தச் சீசனில்தான். பள்ளிக்கூடம் என்ற நிலையான இடம், நேற்று நடந்ததை இன்று மறந்துவிட முடியாத நிலையை எழுத்தாளர்களுக்கு உண்டாக்கியது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. சிறு பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப வருவதுதான் பிடிக்கும். தவிர, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்குப் பழைய கணக்கு எதற்கு? திரும்ப வருவது பிடிக்கும் என்பது முழு உண்மை. டீம் ராக்கெட்டின் அறிமுக வசனமும், அவர்கள் வானத்தில் பறந்து மறைவதும், போக்கிமான்களை அடைத்துவைக்கும் பந்துக்குள் பிகாச்சு நுழைய மறுப்பதும் எத்தனை முறை வந்தாலும் குழந்தைக்குக் கொண்டாட்டம். அது சடங்கின் இன்பம். அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. 1979 முதல் டிவி அசாஹியில் ஓடும் ‘டோரேமான்’ அந்த இன்பத்தின் மேலேயே நிற்கிறது. அதில் வரும் சிறுவன் நொபிட்டா என்றைக்கும் நொபிட்டாதான். அந்தத் தொடர் வேறு எதையும் வாக்களிக்கவில்லை. போக்கிமான் முதல் நாளிலேயே வாக்குக் கொடுத்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும் பையன், நான் போக்கிமான் மாஸ்டர் ஆகியே தீருவேன் என்கிறான். பயணம் என்று சொல்லிவிட்டால் தூரம் குறைய வேண்டும். வசனம் திரும்ப வரலாம், வந்த தூரம் திரும்ப அழியக் கூடாது. புதிதாக வரும் குழந்தைக்கும் இதனால் தடையில்லை. சிம்சாரின் கதை புரிய முந்தைய ஒன்பது ஆண்டுகளைப் பார்த்திருக்க வேண்டியதில்லை, அந்தச் சீசனைப் பார்த்தால் போதும்.

மூன்றாவது மறுப்பு, இது பொம்மையும் கேமும் விற்க எடுக்கப்பட்ட தொடர், இதில் கதைத்தரத்தைத் தேடுவானேன் என்பது. வணிகம் எல்லாச் சீசன்களுக்கும் ஒன்றுபோலவே இருந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை விளக்காது. தவிர, வணிகக் கட்டாயம் வளர்ச்சியைத் தடுத்தே தீரும் என்பதும் இல்லை. டோயி நிறுவனத்தின் ‘ஓஜாமாஜோ டோரேமி’ 1999 பிப்ரவரி முதல் 2003 ஜனவரி வரை நான்கு ஆண்டுகள் ஓடியது. சிறுமிகளுக்கான மந்திரக்கோல் பொம்மைகளை ஆண்டுதோறும் விற்றுக்கொண்டுதான் அதுவும் நடந்தது. ஆனால் மூன்றாம் வகுப்பில் தொடங்கிய டோரேமியும் தோழிகளும் ஆண்டுக்கு ஒரு வகுப்பு ஏறி, ஆறாம் வகுப்பு முடித்துத் தொடக்கப்பள்ளியை விட்டு வெளியேறுவதோடு அந்தக் கதை நிறைவடைந்தது. கூடவே வளர்ந்த குழந்தைகளுக்கு அது தங்கள் காலத்தையே கதையாக்கிக் கொடுத்தது. பொம்மை விற்பதும் கதாபாத்திரத்தை வளர விடுவதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம்.

போக்கிமானின் முதல் ஆண்டுகளுக்குக் கதைப்பொறுப்பு ஏற்றிருந்த தகேஷி ஷுடோ, இந்தக் கதை ஒரு முடிவை நோக்கிப் போக வேண்டும் என்று எண்ணியவர். தன் மனத்தில் இருந்த முடிவைப் பின்னாளில் எழுதியும் வைத்தார். தொடரின் வெற்றியே அந்த முடிவுக்கு இடம் தரவில்லை. 2010இல் அவர் காலமானார். கடைசியில் 2023 மார்ச்சில் ஆஷின் கதை விடைபெற்றது. அடுத்த மாதமே லிக்கோ, ராய் என்ற புதிய பிள்ளைகளோடு ‘ஹொரைசன்ஸ்’ தொடங்கியது. எட்டு பேட்ஜ் வரிசையை முதுகெலும்பாக வைக்காமல், ஒரு பதக்கத்தின் மர்மத்தைப் பின்தொடரும் தொடர்கதையாக அது அமைந்தது. 2025இல் கதைக்குள்ளேயே ஓராண்டு கடந்துபோனதாகக் காட்டி, அந்தப் பிள்ளைகளுக்கு வயதும் ஏற்றியது. இருபத்தைந்து ஆண்டுகள் தயங்கிய ஒன்றை இந்தத் தொடர் துணிந்து செய்ததே, பழைய தயக்கம் தவிர்க்க முடியாத விதியாக இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

குழந்தைகள் மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் மோசமான சீசன்கள் எழுதப்படுகின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான போக்கிமான்களின் பெயர், வகை, எது எதை வெல்லும் என்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு, சென்ற ஆண்டு நாயகன் எதற்காக அழுதான் என்பது மட்டும் நினைவிருக்காதா? குழந்தையின் நினைவாற்றலை மதித்து எழுதப்பட்ட சீசன்கள் எத்தனையாவது ஆண்டில் வந்திருந்தாலும் நிலைத்தன. மதிக்காதவை புதிதாக வந்தபோதே பழசாயின. எனவே நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நீண்ட தொடரைத் தேர்ந்து கொடுக்கும்போது, அது எத்தனை சீசன் கண்டது, சித்திரம் எவ்வளவு பளபளப்பு என்பவற்றைவிட, பத்து எபிசோடு கழித்து இந்தக் கதையில் இப்போது என்ன மாறியிருக்கிறது என்று பிள்ளையிடமே கேட்டுப் பார்ப்பது மேல். பிள்ளை தயங்காமல் பதில் சொன்னால் அது நல்ல தொடர். சொல்ல ஒன்றுமில்லாமல் விழித்தால், குறை அந்தப் பிள்ளையின் நினைவில் இல்லை, எழுதியவர்களிடம் இருக்கிறது.